பின்பக்கத்துச் சூரியன்

பிப்ரவரி 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. கிழிக்கவில்லையென்றால் மேலே படியுங்கள்.

உங்கள் அண்ணன் போய் இன்றோடு எண்பத்தோரு நாள். அன்று வாசலில் எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி கேட்டீர்கள். "என் அண்ணன் உயிர் போறப்ப நீங்க எங்க போயிருந்தீங்க அண்ணி?" இப்போதும் அதற்குப் பதில் சொல்ல எழுதவில்லை. வெட்கத்தை விட்டு ஒரு உதவி கேட்கிறேன்.

எனக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். உங்கள் அண்ணன் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் வார்த்தைகள் தெரியும். எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று தெரியாது. சாமான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது, அடுக்கத்தான் தெரியவில்லை என்கிற நிலைமை.

விஷயம் இதுதான். இந்த மலைமேல் சூரியனைப் பார்க்கிற நிலையத்தில் அவர் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். தொலைநோக்கி வழியாகச் சூரியன் வந்து ஒரு வெள்ளைத் தாளில் விழும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. அதில் இருக்கிற கரும்புள்ளிகளை இருக்கிற இடத்திலேயே பென்சிலால் குறித்து எண்ண வேண்டும். கீழே வானம் எப்படி, காற்று எப்படி என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுபத்து நான்கு வருஷமாக, மேகம் மூடிய நாள் தவிர, ஒரு நாளும் விட்டுப் போனதில்லை. அதில் கடைசி முப்பத்தோரு வருஷம் உங்கள் அண்ணனுடையது.

அவர் போன பிறகு, வேறு ஆள் வரும்வரை நான் வரைகிறேன். அந்தக் கட்டிடத்தைப் பெருக்கித் துடைக்கிறவளுக்கு இது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கூட நின்று பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். புதிதாக வந்திருக்கிற தலைவரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நிலையத்து டிரைவர்தான் நடுவில் நின்று சொல்வார். அந்த அம்மா நாலு நிமிஷம் பேசுவார். டிரைவர் என் பக்கம் திரும்பி, "படம் நல்லா இருக்காம்" என்பார். நான் இரண்டு வார்த்தை சொல்வேன். டிரைவர் பத்து நிமிஷம் பேசுவார்.

படம் போதுமாம். ஆனால் குறிப்பை நானே முழு வாக்கியமாக இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். ஏப்ரல் இருபதாம் தேதி நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். எழுதினால் உங்கள் அண்ணன் உட்கார்ந்த நாற்காலி எனக்கு. இல்லையென்றால், வேறு ஆளும் கிடைக்காததால், அறையைப் பூட்டிவிடுவார்கள். அந்த அறையைப் பூட்டினால் எனக்கு அவர் இன்னொரு தடவை செத்த மாதிரி.

டிரைவரிடம் படிக்கலாம். ஆனால் நான் காலையில் செய்கிற தப்பு சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

உங்கள் வீட்டில் காகிதப் பஞ்சம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. அண்ணனும் இப்படித்தான், நிலையத்தில் வீணான தாளின் பின்பக்கத்தில்தான் எனக்கு எழுதுவான். முடிவில் "பின்பக்கம் பார்" என்று வேறு போடுவான். திருப்பினால் ஒன்றும் இருக்காது. ஒரு வட்டம், நாலு புள்ளி. சின்ன வயதில் "உன் முதுகுல பல்லி" என்று சொல்லி என்னைத் திரும்ப வைத்துச் சிரிப்பான். அதே விளையாட்டு என்று விட்டுவிட்டேன். நீங்கள் தயவுசெய்து கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். பள்ளியில் நாற்பது நோட்டுத் திருத்துகிறேன், இது நாற்பத்தொன்று.

முதல் பாடம் அட்ஜெக்டிவ். ஒரு பொருள் எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல். ஸ்மால், டார்க், க்ளியர். பொருளுக்கு முன்னால் வரும். புள்ளி ஒன்றானாலும் நூறானாலும் ஸ்மால் ஸ்மால்தான், அதற்கு எஸ் போடக் கூடாது. இரண்டு சேர்ந்து வந்தால் அளவு முதலில், நிறம் பிறகு. "ஸ்மால் ப்ளாக் ஸ்பாட்". மாற்றிச் சொன்னால் காதில் இடறும். ஏன் என்று கேட்காதீர்கள், என்னிடமும் யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் எழுதி, வாரக் கடைசியில் அனுப்புங்கள்.

பாடம் வேறு, என் கேள்வி வேறு. நெஞ்சு வலியோடு படியேறிப் போய், அன்றைய சூரியனை வரைந்து வைத்துவிட்டு வந்து படுத்து உயிரை விட்டவன் என் அண்ணன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லை. அப்படிப்பட்டவனைப் பக்கத்து வீட்டு வெல்டர்தான் தூக்கி நிமிர்த்தியிருக்கிறார். காலை ஒன்பதே கால். நீங்கள் எங்கே?

இதை ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன்.

டீச்சர்


பிப்ரவரி 18

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நோட்டு வாங்கிவிட்டேன். வாக்கியங்களைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். திருத்தும்போது சிவப்பு மையைப் பார்த்து ஊற்றுங்கள், எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

அட்ஜெக்டிவ் என்று நீங்கள் சொன்னதும் நான் நாள் முழுக்க அதே வேலையாக இருந்தேன். தரையைத் துடைக்கும்போது வெட் ஃப்ளோர். வாளியைத் தூக்கினால் ஹெவி பக்கெட். தலைவரம்மா வந்தால் டால் உமன். டிரைவரைப் பார்த்து ஒன்று தோன்றியது, எழுதவில்லை.

சூரியனுக்கு வந்ததும்தான் நின்றுவிட்டேன். எந்த வார்த்தையும் போதவில்லை டீச்சரம்மா. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாளில் நான் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி வைக்கிறேன் இல்லையா, அந்தக் கடுகுக்குள் நாம் நிற்கிற இந்த உலகமே அடங்கிவிடும் என்பார் உங்கள் அண்ணன். முதல் தடவை கேட்டபோது நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். உலகத்தைக் குத்தி வைக்கிற கையா இது, காலையில் கழிவறை கழுவிய கை என்று. "பிக் ஸ்பாட்" என்று எழுதினால் பொய் மாதிரி இருக்கிறது. "ஸ்மால் ஸ்பாட்" என்றால் அதைவிடப் பெரிய பொய். பெரியதைச் சின்னது என்று எழுதுகிற வேலை இது. கடைசியில் ஸ்மால் என்றே எழுதிவிட்டு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

காற்று பலமாக அடித்ததை எப்படி எழுதுவது? "ஹார்ட்" என்றால் பலம், "லி" சேர்த்தால் எப்படி நடந்தது என்று வரும் என அவர் ஒரு தடவை சொன்னார். அப்படியே எழுதியிருக்கிறேன். கட்டிடத்துத் தகரமே ஆடிய காற்று.

உங்கள் கேள்வியைப் படித்தேன். பிள்ளைகளுக்குச் சொன்னதையும் படித்தேன்.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணிக்கு,

முப்பத்தைந்தில் பதினெட்டுச் சரி. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இது வராது.

"தி விண்ட் ப்ளூ ஹார்ட்லி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் அறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஹார்ட்லி என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று பொருள். தகரம் ஆடிய காற்றை நீங்கள் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் சொல் அட்வெர்ப். பெரும்பாலும் லி சேரும். ஹார்ட், ஃபாஸ்ட் போல ஒரு சில அப்படியே இருக்கும். காற்றுக்கு "ஸ்ட்ராங்லி" போடுங்கள், வம்பு இல்லை. பிம்பம் ஆடாமல் நின்றால் "ஸ்டெடிலி".

அடுத்தது ப்ரோநவுன். பெயருக்குப் பதில் வரும் சொல். ஐ, யூ, ஹி, ஷி, இட். பட்டியல் இணைத்திருக்கிறேன். ஒரே வாக்கியத்தில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்கத்தான் இது.

பிறகு ஆர்ட்டிகிள். எ, ஆன், தி. தமிழில் இது இல்லை, அதனால்தான் நம்மைப் பாடாய்ப் படுத்துகிறது. கேட்பவருக்கு இன்னும் அறிமுகம் ஆகாத ஒன்றுக்கு எ. அறிமுகம் ஆனபின் தி. முதலில் "எ ஸ்பாட்". அடுத்த வரியில் அதே புள்ளி "தி ஸ்பாட்". உலகத்துக்கே ஒன்றுதான் என்றால் எப்போதும் தி. அதனால் "தி சன்".

கடுகைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அண்ணன் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

ஒன்பதே காலுக்கு எங்கே இருந்தீர்கள்?

டீச்சர்


மார்ச் 6

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இந்த இங்கிலீஷ்காரர்கள் எப்படிப்பட்ட ஆட்கள்! ஒரு சாமானைக் காட்டும் முன்னால், இவளுக்கு இது பழக்கமா புதுசா என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்களா? நான் இத்தனை வருஷம் யாரிடமாவது பேசும்போது ஒரு தடவை அப்படி யோசித்திருப்பேனா? உலகத்துக்கே ஒன்றுதான் என்பதற்கு ஒரு குட்டி வார்த்தை வைத்திருக்கிறார்கள். காலையில் தாளில் சூரியன் வந்து விழுந்ததும் நான் "தி" என்று மட்டும் சொன்னேன். அறையில் யாரும் இல்லை.

ஒரு சந்தேகம். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. ஒரு புள்ளி மேற்கு ஓரத்தில் மறைந்தால், பதினாலு நாள் போல நமக்குத் தெரியாத பக்கத்தில் இருந்துவிட்டுச் சில சமயம் கிழக்கில் திரும்பி வரும். உருக்குலைந்து, இளைத்து, ஆனால் அதே புள்ளி. போன மாதம் போன ஒன்று திங்கட்கிழமை வந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நிலைய விதிப்படி அதற்குப் புது எண்தான் கொடுக்க வேண்டும். நான் அதை எ என்று எழுதுவதா, தி என்று எழுதுவதா?

ப்ரோநவுனில்தான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். உங்கள் அண்ணனைப் பற்றி எழுதினால் "ஹி". டிரைவருக்கும் ஹி. கேட்டில் படுத்திருக்கிற கடுவன் பூனைக்கும் தலைவரம்மா ஹி என்கிறார். உங்கள் அண்ணனை நான் வீட்டுக்குள்கூட அவன் என்று சொன்னதில்லை. அப்புறம் யோசித்தேன். பூனையும் டிரைவரும் இருக்கிறார்கள். இல்லாதவருக்கும் அதே வார்த்தைதான் வைத்திருக்கிறார்கள், மாற்றவில்லை. அது ஒரு ஆறுதலாக இருந்தது.

ஐ என்பதை மட்டும் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று பட்டியலில் இருக்கிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்னும் அதில் ஒரு வாக்கியமும் எழுதவில்லை.

இன்னொன்று. தலைவரம்மா பழைய கணக்கையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் சொன்னார், "ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஜூன்லேர்ந்து நம்ம சூரியன்ல மட்டும் புள்ளி கூடிப்போச்சாம். வேற எந்த நிலையத்துலயும் கூடலையாம். நம்ம சூரியனுக்கு என்னக்கா வந்துச்சு?" கண்ணாடி வில்லையில் கோளாறு என்று கழற்றிப் பார்க்கப் போகிறார்களாம்.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

அதே புள்ளி என்று உங்களுக்குத் தெரிந்தால் தி. சந்தேகம் இருந்தால் எ. இலக்கணம் இவ்வளவுதான் சொல்லும். இருபத்தாறு வருஷமாக ஆர்ட்டிகிள் நடத்துகிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

ஐயைப் பெரிய எழுத்தில் எழுதுவது பெருமைக்கு இல்லை அண்ணி. ஒற்றை எழுத்து, சின்னதாகப் போட்டால் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அதனால் நிமிர்ந்து நிற்கிறது. எழுதிப் பழகுங்கள்.

நீங்கள் ஏன் சாப்பிடவில்லை? வில்லையில் கோளாறு என்றால் மாற்றிவிடுவார்கள். அண்ணன் வரைந்ததில் கோளாறு இருக்காது.

கேள்வியை இந்த முறை கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சர்


மார்ச் 21

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நீங்கள் கேட்காமல் விட்டதால்தான் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வில்லையில் ஒரு கோளாறும் இல்லை. மாறியது கண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, உங்கள் அண்ணன் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நடுவுல மட்டும் பொகையா இருக்குடி. ஓரத்துல தெரியுது, நடுவுல இல்ல" என்றார். நான் சூரியனில்தான் ஏதோ என்று நினைத்தேன். சர்க்கரை அவர் கண்ணின் நடுவைத் தின்றுவிட்டது. டாக்டர் திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். சொன்னால் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள், வேறு ஆள் இல்லை, எழுபது வருஷத்துச் சங்கிலி அறுந்துவிடும் என்று அவருக்குப் பயம். "நீ கண்ணு, நான் கையெழுத்து" என்றார்.

அன்றிலிருந்து வரைந்தது முழுக்க நான். குறிப்பும் கையெழுத்தும் அவர்.

நவம்பர் பதினான்கு காலையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாயுப் பிடிப்பு என்றார். வெல்டரைக் கூப்பிட்டு வண்டி எடுக்கச் சொல்கிறேன் என்றேன். "மேகம் வருது பாரு. மூடுறதுக்குள்ள போய்ப் போட்டுட்டு வா. அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போ" என்றார். நான் போனேன் டீச்சரம்மா. நிலையம் வரை நூற்றுப் பன்னிரண்டு படி. அன்று பிம்பம் துளிகூட ஆடவில்லை. இருபத்தேழு புள்ளி. ஒன்றையும் விடாமல் நிதானமாக வைத்தேன். இருபத்தேழாவதை வைத்தபோது ஒன்பதே கால்.

அன்றைய தாளில் குறிப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நீங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன படம் அதுதான்.

நான் தலைவரம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு மாதிரி எண்ணும், எது யார் கண் என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கே வீண் என்று உங்கள் அண்ணனே சொல்வார். சொல்லிவிட்டு அவரே மறைத்தார். பயம் மனுஷனை என்னவெல்லாம் செய்ய வைக்கும். என் படத்தையெல்லாம் அவருடையது என்று விட்டால், அவருடைய உண்மையான இருபத்தொன்பது சொச்சம் வருஷத்தின் மேலும் சந்தேகம் வரும். டிரைவர் வழியாகச் சொல்ல மாட்டேன். நானே எழுதிக் கொடுப்பேன். "ஹி டிட் நாட் டிரா தி சன். ஐ ட்ரூ இட்." அவர் வரையவில்லை, நான் வரைந்தேன். ஐயைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

முழுக் கடிதமும் இதோடு இருக்கிறது. பிழை திருத்தி அனுப்புங்கள்.

அண்ணி


மார்ச் 28

அண்ணிக்கு,

உங்கள் வரைவைத் திருத்தி அனுப்ப மாட்டேன்.

அவன் பெயரை அழிக்க என்னிடமே பாடம் கற்றுக்கொண்டீர்கள். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டான் என்ற தைரியம். வேர்த்துக் கொட்டுகிறவனை விட்டுவிட்டுப் புள்ளி எண்ணப் போனவளுக்கு இன்னும் நாற்காலி வேண்டியிருக்கிறது.

வகுப்பில் நாளைக்கு நான் என்ன முகத்தோடு நிற்பேன்?

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 6

டீச்சரம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும். பதில் வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. போயிருக்கக் கூடாது. தினமும் நூற்றுப் பன்னிரண்டு படியிலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறேன்.

கடிதத்தைத் திருத்தாமலே கொடுத்துவிட்டேன். தலைவரம்மா படித்தார். டிரைவர் எட்டிப் பார்த்தார், அந்த அம்மா கதவைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். அப்புறம் என்னை உட்காரச் சொன்னார். நான் அந்த அறையைத் துடைத்திருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை. பலகையில் இரண்டு வட்டம் போட்டு மெதுவாகப் பேசினார். டீச்சரம்மா, எனக்குப் புரிந்தது. எ, தி எல்லாம் அதனதன் இடத்தில் காதில் வந்து விழுந்தது. இருட்டு அறையில் ஒவ்வொரு விளக்காகப் போட்ட மாதிரி. நடுவில் யாரும் இல்லாமல் ஒரு மனுஷி பேசி இன்னொரு மனுஷிக்குப் புரிவது எவ்வளவு பெரிய விஷயம்!

அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். என் கண்ணையும் உங்கள் அண்ணன் கண்ணையும் இணைக்க வேண்டுமென்றால், ஒரே நாளில், ஒருவர் படத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேரும் தனித்தனியாக வரைந்த படங்கள் வேண்டும். ஐம்பது நாளாவது. அப்போதுதான் அவர் நூறு பார்த்தால் நான் எத்தனை பார்ப்பேன் என்று தெரியும். இல்லையென்றால் சங்கிலி அந்த ஜூன் மாதத்தோடு முடிந்தது. என் இரண்டு வருஷம் எதோடும் சேராமல் தனியாகக் கிடக்கும். அறுந்த சங்கிலிக்கு ஆள் எதற்கு என்று நாலு பேரும் கேட்பார்களாம்.

அப்படி வரைந்த தாள்கள் இருக்கின்றன. அவர் கண் நன்றாக இருந்த காலத்தில், பத்து வருஷத்துக்கு மேல், தன் படத்தை முடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, "நீ போடு பாப்போம். காப்பி அடிக்கக் கூடாது" என்பார். வேறு தாளில் நான் போடுவேன். தேதியும் நேரமும் எழுத வைப்பார். அவர் ஒன்றையும் வீணாக்க மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் உங்களுக்குக் கடிதம் எழுதினார்.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது உங்கள் அண்ணன் உங்களுக்கு எழுதியது. நீங்கள் தராவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று நாள், அலமாரியில் இருக்கும் அண்ணனின் கடிதப் பெட்டியைத் திறக்கவில்லை. நாலாவது நாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பரப்பினேன். அறுபத்தெட்டுக் கடிதம். முதன்முறையாக எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டேன்.

அறை முழுக்கச் சூரியன். நாற்காலிக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், கதவு வரைக்கும். கால் வைக்க இடம் இல்லை. நகர்ந்தால் ஒரு சூரியனை மிதிப்பேன் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமும் இவை என் அலமாரிக்குள் குப்புறக் கிடந்திருக்கின்றன.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் அவன் எழுத்தில் பொடியாக ஒரு வரி. "இவள் 14, நான் 12." "இவள் 31, நான் 26." ஒன்றில், "இன்றைக்கும் இவள்தான் அதிகம். இவளிடம் சொல்லாதே, தலைக்கனம் ஏறிவிடும்." முன்பு ஒன்றிரண்டைத் திருப்பியபோது ஏதோ அலுவலகக் கணக்கு என்று நினைத்தேன். ஊர்ப் பிள்ளைகளின் நோட்டில் ஒரு காற்புள்ளி விட்டாலும் கண்டுபிடிக்கிறவள், என் அண்ணன் அறுபத்தெட்டு முறை பின்பக்கம் பார் என்று சொல்லியும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பல்லி என்று நினைத்துவிட்டேன்.

அண்ணி, அவன் மறைத்தது தப்பு. ஆனால் உங்களை மறைக்க அவன் நினைக்கவில்லை. பத்து வருஷமாக என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அவன் போகச் சொன்னால் நீங்கள் எப்படிப் போகாமல் இருந்திருப்பீர்கள்? "போ"ன்னு அவன் சொன்னா அப்பாவே எழுந்து போவார். அந்த வாசலில் நான் கேட்டதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம், எனக்கு வேண்டியது மறுபக்கம். வேலை முடிந்ததும் ஒன்று குறையாமல் திருப்பி அனுப்புங்கள், எண்ணித்தான் வாங்குவேன்.

ஏழாம் வகுப்பில் மறுபடி சொன்னேன். அன்று வரைந்தது என் அண்ணன் இல்லை, என் அண்ணி என்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள், "அப்ப அவங்க அழுதுட்டே வரைஞ்சாங்களா டீச்சர்?" இல்லை, அவங்களுக்கு இன்னும் தெரியாது என்றேன். இந்த முறையும் யாரும் அசையவில்லை.

உங்கள் வரைவில் மூன்றே பிழைதான் இருந்தது. மார்ச் 28ஆம் தேதியே திருத்திவிட்டேன். அனுப்பத்தான் மனம் வரவில்லை. இதோடு இருக்கிறது.

டீச்சர்


ஏப்ரல் 24

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

அறுபத்தெட்டும் பத்திரமாக இருக்கின்றன. தலைவரம்மா கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார். உங்கள் அண்ணனுடைய அசல் படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தார். எட்டில் தேதி அழிந்திருந்தது. அறுபது தேறியது.

அவர் நூறு பார்த்தால் நான் நூற்றுப் பதினேழு பார்க்கிறேன். யார் பெரியவர் என்று இதில் ஒன்றும் இல்லையாம், ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் போகிற படிக்கட்டு அது என்றார் தலைவரம்மா. சங்கிலி சேர்ந்துவிட்டது டீச்சரம்மா. ஜூன் எட்டு வரை உங்கள் அண்ணன். ஒன்பதிலிருந்து நான். நடுவில் ஒரு நாள்கூட விட்டுப் போகவில்லை.

இருபதாம் தேதி நாலு பேரும் வந்தார்கள். அவர்கள் முன்னால் அன்றைய சூரியனை வரைந்தேன். குறிப்பு எழுதச் சொன்னார்கள். வானம் தெளிவு, காற்று லேசு, கிழக்கு ஓரத்தில் ஒரு புதுப் புள்ளி என்று எழுதினேன். ஒருவர் ஏதோ கேட்டார். டிரைவர் வாயைத் திறந்தார். நான் "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றேன். டிரைவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வெளியே வந்து, "அப்ப எனக்கு வேலை போச்சாக்கா?" என்றார். அவருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். எனக்கு அப்புறம் ஒரு கண் வேண்டுமே. "காப்பி அடிக்கக் கூடாது" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

நாற்காலி எனக்குத்தான்.

பிறகு அவர்கள் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நவம்பர் பதினான்கு. குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. இன்றைய தேதி போட்டு எழுதலாம் என்றார்கள். பேனாவை எடுத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. வானம் தெளிவு என்று எழுதினேன். பிம்பம் ஆடாமல் நின்றது, அதற்கு ஸ்டெடிலி. என் கணவர் என்னை அனுப்பினார். நான் வரைந்தேன். கீழே என் கையெழுத்து. ஒவ்வொரு ஆர்ட்டிகிளையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அந்தத் தாளில் அந்த இருபத்தேழும் அப்படியே இருந்தன. நான் வைக்கும்போது அவர் கீழே இருந்தார். அந்தப் புள்ளிகள் சூரியனில் இப்போது இல்லை. அழிந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. தாளில் மட்டும்தான் இருக்கின்றன, இன்னும் நூறு வருஷம் கழித்து யாரோ எடுத்து எண்ணுவார்கள்.

மே மாத விடுமுறையில் வாருங்கள். உங்களுக்கும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் கண் தங்கைக்கும் இருக்கிறதா பார்த்துவிடுவோம்.

கோடு போட்ட நோட்டை விட்டுவிட்டு மறுபடி பழைய தாளில் எழுதியிருக்கிறேன் என்று திட்டாதீர்கள்.

பின்பக்கம் பாருங்கள்.

அண்ணி